மத்திய துப்பாக்கிச் சட்டம் எங்கள் மாநிலத்தில் செல்லாது என்று ஒரு மாநிலம் சொல்ல முடியுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "மத்திய அரசின் துப்பாக்கிச் சட்டங்கள் பல எங்கள் மாநிலத்தில் செல்லாது என்று 2021-ல் மிசூரி சட்டமே போட்டதாகப் படித்தேன். அமெரிக்காவில் ஒரு மாநிலத்துக்கு அந்த அளவு அதிகாரம் உண்டா? அப்படியானால் அங்கே இருப்பவர்கள் மத்திய சட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமா?"

கவலைப்பட வேண்டும், நிறையவே. அந்தச் சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அது அமலில் இருந்த நாட்களிலும் ஒரு தனிமனிதனைக் காப்பாற்றும் சக்தி அதற்கு இருக்கவில்லை. இதில் இரண்டு தனித்தனிச் சங்கதிகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. "உங்கள் சட்டத்தை அமல்படுத்த என் போலீஸ்காரர்களைத் தர மாட்டேன்" என்று ஒரு மாநிலம் சொல்வது ஒன்று. "உங்கள் சட்டம் என் மண்ணில் சட்டமே அல்ல" என்பது வேறு. முன்னதற்கு அமெரிக்க அரசமைப்பில் நல்ல இடம் இருக்கிறது, உச்ச நீதிமன்றமே திரும்பத் திரும்ப உறுதி செய்திருக்கிறது. பின்னதற்கு எந்தக் காலத்திலும் இடம் கிடைத்ததில்லை. அரசியல்வாதிகள் முன்னதை வைத்துக்கொண்டு பின்னதைப் பேசுகிறார்கள், அதை நம்பிய சாதாரண ஆட்கள் கோர்ட்டில் போய் நிற்கிறார்கள். எனக்கு இதில் உள்ள ஆதங்கம் அதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த நல்ல இடத்தைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது இப்போதைய வடிவத்துக்கு வந்ததே ஒரு துப்பாக்கி வழக்கில்தான். 1981 மார்ச்சில் அதிபர் ரீகன் சுடப்பட்டபோது அவருடைய பத்திரிகைச் செயலர் ஜேம்ஸ் பிரேடியின் தலையிலும் குண்டு பாய்ந்தது. அவரும் அவர் மனைவி சாராவும் பல வருஷம் போராடிய பிறகு, 1993 நவம்பரில் பிரேடி சட்டம் வந்தது. கைத்துப்பாக்கி வாங்க வருகிறவர் சட்டப்படி அதை வாங்கத் தகுதியுள்ளவர்தானா என்று பார்த்துவிட்டுத்தான் விற்க வேண்டும் என்பது அதன் சாரம். சரி, யார் பார்ப்பது? நாடு முழுவதற்குமான கணினி வசதி அப்போது இல்லை, 1998 நவம்பரில்தான் தயாரானது. அதுவரைக்கும் இடைக்கால ஏற்பாடாக, அந்தந்த வட்டாரத்தின் தலைமைப் போலீஸ் அதிகாரி ஐந்து வேலை நாளுக்குள் இயன்றவரை விசாரித்துச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் அந்தப் பொறுப்பை அவர்கள் தலையில் கட்டியது.

பெரும்பாலான கவுண்ட்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி ஒரு மாநிலத்தின் உட்பிரிவு) அந்தத் தலைமை அதிகாரி ஷெரீஃப். அவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற ஆள், சம்பளம் கவுண்ட்டி கொடுப்பது, வாஷிங்டனுக்கு அவர் கீழ்ப்பட்டவர் அல்ல. மொன்டானாவின் ரவாலி கவுண்ட்டி ஷெரீஃப் ஜே பிரின்ட்ஸ், அரிசோனாவின் கிரஹாம் கவுண்ட்டி ஷெரீஃப் ரிச்சர்ட் மேக் இருவரும் தனித்தனியே வழக்குப் போட்டார்கள். இரண்டும் ஒன்றாகி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1997 ஜூனில் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா. மத்திய அரசு சட்டம் போடலாம், அதைக் குடிமக்கள் மேல் நேரடியாகச் செலுத்தலாம், தன் சம்பளத்தில் இருக்கும் ஆட்களை வைத்து அமல்படுத்தலாம். ஆனால் ஒரு மாநிலத்தின் அதிகாரியைக் கூப்பிட்டு "இந்த வேலையை நீ பார்" என்று உத்தரவு போட முடியாது. தீர்ப்பு சொன்னது இவ்வளவுதான். 1992-ல் அணுக்கழிவு தொடர்பாக நியூயார்க் தொடுத்த வழக்கில், இன்ன மாதிரி சட்டம் இயற்று என்று மாநிலச் சட்டமன்றத்துக்குக் கட்டளையிடக் கூடாது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். 1997-ல் அதே விதி அதிகாரிகளுக்கும் நீண்டது.

அந்தத் தீர்ப்பு எதைச் சொல்லவில்லை என்பது அதைவிட முக்கியம். பிரேடி சட்டம் செல்லாது என்று அது சொல்லவில்லை. பின்னணி விசாரணை கூடாது என்று சொல்லவில்லை. மொன்டானாவில் துப்பாக்கி விற்கும் கடைக்காரர் மத்திய விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஷெரீஃப்மேல் சுமத்திய அந்த ஒரு கடமை மட்டும் போயிற்று, மீதி அப்படியே நின்றது. வழக்கில் ஜெயித்த ரிச்சர்ட் மேக் பிற்பாடு, அரசமைப்பைக் காக்கும் ஷெரீஃப்கள் என்று ஓர் அமைப்பு தொடங்கி, ஒரு கவுண்ட்டிக்குள் ஷெரீஃபுக்கு மேல் யாருமே இல்லை என்கிற அளவுக்குப் பேசிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அவர் ஜெயித்த தீர்ப்பில் அப்படி ஒரு வரி கிடையாது.

இந்தியாவைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். இங்கே 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் மத்திய சட்டம், ஆனால் மாவட்டத்தில் துப்பாக்கி லைசென்ஸுக்கு நாம் போய் நிற்பது கலெக்டர் ஆபீஸில். மத்திய சட்டத்தின் வேலையை மாநில அதிகாரிகளிடம் ஒப்படைக்கலாம் என்று நம் அரசமைப்பின் 258-ஆம் பிரிவே வழி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் அந்த வழி அடைபட்டது.

இந்த விதியின் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? அடிமை முறையில். தப்பி ஓடும் அடிமைகளைப் பிடித்து உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1793-ல் மத்திய சட்டம் ஒன்று இருந்தது. வட மாநிலங்களுக்கு அதில் விருப்பமில்லை. 1842-ல் பென்சில்வேனியாவிலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கொடுமையான சட்டத்தைச் செல்லும் என்றுதான் சொன்னது, ஆனால் மாநில அதிகாரிகளை அதற்காக வேலை வாங்க முடியாது என்றும் நீதிபதி ஸ்டோரி எழுதினார். அது போதுமாக இருந்தது. எங்கள் சிறைகளில் அடைக்க இடம் தர மாட்டோம், எங்கள் அதிகாரிகள் உதவ மாட்டார்கள் என்று வட மாநிலங்கள் வரிசையாகச் சட்டம் போட்டன. 1850-ல் இன்னும் கடுமையான சட்டம் வந்தபோது விஸ்கான்சின் ஒரு படி மேலே போனது. மில்வாக்கியில் பிடிபட்ட ஓர் அடிமையை மக்கள் திரண்டு சிறையை உடைத்து மீட்டார்கள். அதற்கு உதவியதாகக் கைதான பத்திரிகை ஆசிரியர் ஷெர்மன் பூத்தை, மத்திய சட்டமே செல்லாது என்று சொல்லி விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. மனசாட்சிப்படி பார்த்தால் விஸ்கான்சின் செய்ததே சரி, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் 1859-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் அதை ரத்து செய்தது. ஒதுங்கி நின்ற மாநிலங்களை யாராலும் அசைக்க முடியவில்லை, சட்டத்தையே செல்லாது என்ற மாநிலம் தோற்றது. காரணம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் கோடு அதே இடத்தில்தான் விழுந்தது.

மற்ற முயற்சிகளும் அப்படித்தான். 1832-ல் தென் கரோலினா சுங்க வரிச் சட்டங்களைச் செல்லாது என்று அறிவித்தது, அதிபர் ஜாக்சன் படை அனுப்பும் அதிகாரத்தைக் கேட்டு வாங்கினார், வரியைப் படிப்படியாகக் குறைப்பது என்று சமரசமாகி மாநிலம் பின்வாங்கியது. 1958-ல், லிட்டில் ராக் பள்ளியில் கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பதை எதிர்த்த ஆர்கன்சாஸுக்கும் உச்ச நீதிமன்றம் இதே பதிலைத்தான் தந்தது. அரசமைப்பின் ஆறாவது உறுப்பில், அரசமைப்புக்கு உட்பட்டு இயற்றிய மத்திய சட்டமே நாட்டின் உச்சபட்ச சட்டம் என்று எழுதியிருக்கிறது. சுற்றிச் சுற்றி எல்லாரும் அங்கேதான் வந்து முட்டுகிறார்கள்.

இந்தப் பின்னணி தெரிந்தால் கடந்த பதினைந்து, இருபது வருஷக் கதை எளிதாகப் புரிந்துவிடும்.

2009-ல் மொன்டானா ஒரு சட்டம் போட்டது. மாநிலத்துக்குள்ளேயே தயாரித்து, மாநிலத்துக்குள்ளேயே விற்று, வெளியே போகாத துப்பாக்கி மத்திய அரசின் கட்டுப்பாட்டுக்குள் வராது என்று. அதற்கு ஒரு தர்க்கம் உண்டு: மத்திய அரசு துப்பாக்கியைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை வைத்துத்தான், எல்லை தாண்டாத பொருளில் ஏது மாநிலங்களுக்கிடையிலான வணிகம்? கேட்க நன்றாக இருக்கிறது. டென்னசி, யூட்டா, வயோமிங், தெற்கு டகோடா, அரிசோனா என்று பல மாநிலங்கள் அதே வாசகத்தை எடுத்துப் போட்டன. ஆனால் 1942-லேயே, ஒரு விவசாயி தன் பண்ணைத் தேவைக்கென்று விளைவித்த கோதுமையைக் கூட மத்திய அரசு கட்டுப்படுத்தலாம், எல்லாரும் அப்படிச் செய்தால் நாட்டுச் சந்தையே பாதிக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. 2005-ல் கலிஃபோர்னியாவில் மருந்துக்காக வீட்டில் வளர்த்த கஞ்சா வழக்கிலும் அதையே சொன்னது. மொன்டானா ஆதரவாளர்கள் இதை நேராகவே சோதித்துப் பார்த்தார்கள். சிறுவர்களுக்கான ஒரு சிறிய ரைஃபிளை உள்ளூரிலேயே செய்து விற்கப் போவதாக அறிவித்து, மத்திய லைசென்ஸ் தேவையில்லை என்று தீர்ப்புக் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். 2013-ல், உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த படியில் இருக்கும் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது, உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவில்லை. இவர்கள் செய்த முறையை நான் மதிக்கிறேன். முதலில் கோர்ட்டைக் கேட்டார்கள், அப்புறம்தான் செய்வதாக இருந்தார்கள். அதனால் யாரும் சிறைக்குப் போகும் நிலை வரவில்லை.

கான்சஸில் அப்படி நடக்கவில்லை. 2013-ல் ஆளுநர் சாம் பிரவுன்பேக் கையெழுத்துப் போட்ட சட்டம் மொன்டானாவைவிடக் காட்டமானது. கான்சஸில் தயாராகி கான்சஸிலேயே இருக்கும் துப்பாக்கி, தோட்டா, உதிரிப் பொருள் எதற்கும் மத்திய சட்டம் பொருந்தாது, பொருத்த முயலும் மத்திய அதிகாரியே குற்றவாளி என்றது. மத்திய அரசின் அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர், இது அரசமைப்புக்கு விரோதம் என்று ஆளுநருக்குக் கடிதமே எழுதினார். அவர் எழுதியது ஆளுநருக்கு, கடை வைத்திருப்பவருக்கு அல்ல.

சனூட் என்ற சின்ன ஊரில் ராணுவ உபரிப் பொருள் கடை வைத்திருந்த ஒருவர், இந்தச் சட்டத்தை நம்பி, சுடும் சத்தத்தைக் குறைக்கத் துப்பாக்கியில் மாட்டும் சைலன்சர் செய்து விற்றார். 1934-ஆம் வருஷத்து தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி சைலன்சரைப் பதிவு செய்ய வேண்டும், அப்போது 200 டாலர் வரியும் கட்ட வேண்டியிருந்தது. அவர் அதைச் செய்யவில்லை, மாநிலச் சட்டம் தேவையில்லை என்கிறதே. ராணுவத்தில் பணியாற்றிவிட்டு வந்த ஒருவர் அவரிடம் ஒன்று வாங்கி, துப்பாக்கியில் மாட்டிச் சுடுவதை வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார். ஒளித்து மறைக்கிற எண்ணம் இருந்திருந்தால் அப்படிச் செய்வாரா? இரண்டு பேர் மீதும் மத்திய அரசு வழக்குப் போட்டது. "எங்கள் மாநிலச் சட்டம் அனுமதிக்கிறது" என்பதை ஒரு தற்காப்பு வாதமாக வைக்கவே நீதிபதி விடவில்லை, ஜூரி குற்றவாளிகள் என்றது. அவர்கள் மாநிலச் சட்டத்தை நம்பித்தான் செய்தார்கள் என்பதைத் தண்டனை கொடுக்கும்போது நீதிபதி கருத்தில் கொண்டதால் சிறை இல்லை, நன்னடத்தைக் கண்காணிப்போடு விட்டார். மேல்முறையீட்டில் கான்சஸ் மாநில அரசும் வந்து வாதாடியது, 2018-ல் பத்தாம் வட்டார நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. அந்த 1934 சட்டம் வரி விதிக்கும் அதிகாரத்தில் நிற்கிற சட்டம், வணிக வாதம் அங்கே செல்லுபடியாகவில்லை. 2019-ல் உச்ச நீதிமன்றமும் கதவைச் சாத்தியது.

சட்டத்தை எழுதியவர்களுக்கும், ஆதரித்து ஓட்டுப் போட்டவர்களுக்கும், கையெழுத்திட்டவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த இரண்டு பேர் பெயரில் மட்டும் மத்தியக் குற்றப் பதிவு ஏறியது. அந்தப் பதிவு ஏறிய பிறகு மத்திய சட்டப்படி அவர்கள் துப்பாக்கியே வைத்திருக்க முடியாது. துப்பாக்கி உரிமையைக் காப்பதாகச் சொன்ன சட்டத்தால் விளைந்தது இது.

இப்போது மிசூரி. அங்கே முதல் முயற்சி 2013-லேயே நடந்தது. மசோதாவை ஆளுநர் ஜே நிக்சன் நிராகரித்தார், அவர் மறுப்பை மீறி நிறைவேற்றும் வாக்கெடுப்பு செனட்டில் ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. எட்டு வருஷம் கழித்து, பைடன் அதிபரான பிறகு மீண்டும் வந்தது. 2021 ஜூன் 12 அன்று ஆளுநர் மைக் பார்சன் ஒரு துப்பாக்கிக் கடையில் வைத்துக் கையெழுத்திட்டார். அவரே முன்னாள் ஷெரீஃப்.

அந்தச் சட்டத்தில் இரண்டு அடுக்கு இருந்தது. மேல் அடுக்கில், துப்பாக்கிகளைப் பதிவு செய்தல், யாரிடம் இருக்கிறது என்று தடம் வைத்தல், மக்களை வாங்கவிடாமல் செய்யும் வரிகள், சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடிமக்கள் வைத்திருப்பதற்குத் தடை, பறிமுதல் ஆகிய மத்திய விதிகள் எல்லாம் உரிமை மீறல், ஆகவே இந்த மாநிலத்தில் செல்லாது என்ற அறிவிப்பு. கீழ் அடுக்கில் அதற்கான பல்: இந்த விதிகளைத் தெரிந்தே அமல்படுத்துகிற அல்லது அமல்படுத்த உதவுகிற உள்ளூர்ப் போலீஸ் துறை மீது யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம், ஒவ்வொரு சம்பவத்துக்கும் 50,000 டாலர் அபராதம். அப்படி அமல்படுத்திய முன்னாள் மத்திய அதிகாரியை வேலைக்கு எடுத்தாலும் அபராதம். அதில் "சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடிமகன்" யார் என்பதற்கு மாநிலச் சட்டத்தை அளவுகோலாக வைத்தார்கள். குடும்ப வன்முறையில் சிறு குற்றத் தண்டனை பெற்றவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று 1996 முதல் மத்திய சட்டம் சொல்கிறது, மிசூரி சட்டத்தில் அந்தத் தடை இல்லை. மனைவியை அடித்துத் தண்டனை பெற்றவன் கையில் துப்பாக்கியைப் பார்க்கும் ஒரு கான்ஸ்டபிள் மத்திய அதிகாரிக்கு போன் போட்டால், தன் துறைக்கு 50,000 டாலர் செலவு வைக்கலாம். நான் இந்தச் சட்டத்தை மன்னிக்க முடியாமல் இருப்பது இந்த இடத்தில்தான்.

விளைவு உடனே தெரிந்தது. மத்திய, மாநில, உள்ளூர்ப் போலீசார் சேர்ந்து இயங்கும் கூட்டுப் படைகளிலிருந்து மாநில நெடுஞ்சாலை ரோந்துப் படை தன் ஆட்களை விலக்கியது, வேறு சில துறைகளும் விலகின. சுட்ட இடத்தில் கிடக்கும் தோட்டா உறையைப் படமெடுத்து நாடு முழுவதும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு மத்தியத் தரவுத்தளம் இருக்கிறது, ஒரே துப்பாக்கி எத்தனை ஊரில் சுட்டது என்று கண்டுபிடிக்க உதவுவது. அதில் தகவல் சேர்க்கலாமா கூடாதா என்றே சில துறைகள் தயங்கின. செயின்ட் லூயிஸ் மாதிரி துப்பாக்கிக் கொலைகளில் தத்தளிக்கும் நகரத்துக்கு இது விளையாட்டு விஷயமில்லை, அந்த நகரமும் ஜாக்சன் கவுண்ட்டியும் தங்கள் மாநிலத்தின் மேலேயே வழக்குப் போட்டன. ஓ'ஃபாலன் நகரப் போலீஸ் தலைவர் இந்தச் சட்டத்தைக் காரணம் காட்டி ராஜினாமா செய்தார், துப்பாக்கி உரிமைக்கு எதிரானவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

2022 பிப்ரவரியில் மத்திய அரசின் நீதி இலாகா வழக்குத் தொடுத்தது. 2023 மார்ச்சில் மாவட்ட நீதிபதி பிரையன் வைம்ஸ் சட்டம் முழுவதையும் ரத்து செய்தார், 2024 ஆகஸ்டில் எட்டாம் வட்டார நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மிசூரியின் வாதம் எதிர்பார்த்ததுதான்: 1997 தீர்ப்புப்படி எங்கள் போலீஸை எங்களிடமே வைத்துக்கொள்ள எங்களுக்கு உரிமை இருக்கிறதே? உரிமை இருக்கிறது, யாரும் மறுக்கவில்லை. உதவியை நிறுத்திவைக்கலாம், ஆனால் மத்திய சட்டத்தைச் செல்லாததாக்கி அந்த வழியாக உதவியை நிறுத்த முடியாது என்றது நீதிமன்றம். கீழ் அடுக்கு முழுவதும் மேல் அடுக்கின் மீதே கட்டப்பட்டிருந்தது, மேல் அடுக்கு போனதும் எல்லாம் போயிற்று. "எங்கள் போலீஸ் இன்னின்ன மத்திய விதிகளுக்காக வேலை செய்யாது" என்று மட்டும் எழுதியிருந்தால் மிசூரி தப்பித்திருக்க நிறைய வாய்ப்பு இருந்தது. ஐடஹோ 2014-ல் கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதியது, வருங்கால மத்தியத் தடைகளை எங்கள் அதிகாரிகள் அமல்படுத்த மாட்டார்கள் என்று. ஆரவாரம் இல்லை, ஆகவே செய்தியும் இல்லை.

அப்படி வெறுமனே ஒதுங்கி நிற்பதால் என்ன ஆகிவிடப்போகிறது என்று தோன்றலாம். நிறைய ஆகும். துப்பாக்கிச் சட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் மத்திய அமைப்பான ஏ.டி.எஃப்-க்கு நாடு முழுவதற்கும் சிறப்பு அதிகாரிகள் சுமார் 2,500 பேர்தான், நியூயார்க் நகரப் போலீஸ் மட்டுமே அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல். உள்ளூர்க்காரர்கள் பிடித்துக் கொடுக்கிற ஆட்களையும் அவர்கள் சேகரித்துத் தருகிற தகவல்களையும் நம்பித்தான் மத்திய வழக்குகள் நடக்கின்றன. 2007-ல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரைச் சுட்டுக் கொன்றவன், மனநலக் காரணத்தால் நீதிமன்ற உத்தரவு பெற்றிருந்தும் துப்பாக்கி வாங்க முடிந்தது, அந்தத் தகவல் மத்தியப் பட்டியலுக்குப் போய்ச் சேராததால். அதன் பிறகும் "இனி எல்லா மாநிலமும் கட்டாயம் அனுப்ப வேண்டும்" என்று அமெரிக்க நாடாளுமன்றம் உத்தரவு போடவில்லை, 1997 தீர்ப்பு குறுக்கே நிற்கிறது. அனுப்பினால் மானியம் தருகிறோம் என்று பணத்தைக் காட்டித்தான் 2008-ல் சட்டம் போட்டார்கள். குடிப்பதற்கு 21 வயது என்பதைக் கூட 1980-களில் நெடுஞ்சாலை நிதியில் கைவைத்துத்தான் மாநிலங்களை ஏற்க வைத்தார்கள். அங்கே மத்திய அரசின் கையில் இருப்பது கட்டளையைவிடப் பணப்பைதான்.

இதெல்லாம் குடியரசுக் கட்சி மாநிலங்களின் சங்கதி மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். மத்திய சட்டப்படி தடை இருந்தும் 2012-ல் கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் கஞ்சாவைப் பொழுதுபோக்குக்கே அனுமதித்தன. கொலராடோ "மத்தியத் தடை செல்லாது" என்று சொல்லவில்லை, "எங்கள் சட்டத்தில் அது குற்றமில்லை, எங்கள் போலீஸ் பிடிக்காது" என்று நிறுத்திக்கொண்டது. குடியேற்ற விஷயத்தில் கலிஃபோர்னியா, உள்ளூர்ப் போலீஸ் மத்திய குடியேற்ற அதிகாரிகளுக்கு உதவுவதைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டது. டிரம்ப் அரசு வழக்குப் போட்டபோது கலிஃபோர்னியாவைக் காப்பாற்றியது எது? அந்த மொன்டானா ஷெரீஃபின் வழக்கு. 2018-ல் நியூ ஜெர்சி விளையாட்டுச் சூதாட்டத்தை அனுமதிக்கும் உரிமையை வென்றதும் இதே விதியை வைத்துத்தான். துப்பாக்கிக்காக இந்த விதியைக் கொண்டாடுகிறவர்கள் குடியேற்றத்தில் அதைத் திட்டுகிறார்கள், அங்கே கொண்டாடுகிறவர்கள் இங்கே திட்டுகிறார்கள். ஒரு விதியை ஏற்றுக்கொண்டால் இரண்டு இடத்திலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். மாநிலங்களுக்கு இப்படி ஒதுங்கும் உரிமை இருப்பது நல்லது என்றே நான் நினைக்கிறேன், 1842-க்குப் பிறகு அது சிலரையாவது அடிமைத்தளையிலிருந்து காப்பாற்றியது என்பதற்காகவே.

துப்பாக்கிக் கட்டுப்பாடுகளை இங்கே அமல்படுத்த மாட்டோம் என்ற பொருளில் கவுண்ட்டிகள் "துப்பாக்கிச் சரணாலயம்" என்று தீர்மானம் போடுவதைப் பற்றியும் கேட்பீர்கள். 2019 கடைசியில் வர்ஜீனியாவில் ஜனநாயகக் கட்சி பெரும்பான்மை பெற்றதும், அங்குள்ள 95 கவுண்ட்டிகளில் 90-க்கு மேல் அப்படித் தீர்மானம் போட்டன, 2020 ஜனவரி 20 அன்று ரிச்மண்டில் இருபதாயிரத்துக்கு மேல் ஆட்கள், பலர் துப்பாக்கியோடு, திரண்டார்கள். ஆனால் அது மாநிலச் சட்டத்துக்கு எதிரான போராட்டம். மத்திய அரசை எதிர்த்து மாநிலத்துக்கு இருக்கும் கேடயம், மாநிலத்தை எதிர்த்துக் கவுண்ட்டிக்குக் கிடையாது, ஏனென்றால் கவுண்ட்டி என்பதே மாநிலம் உண்டாக்கியது. ஒரிகனில் கொலம்பியா கவுண்ட்டி போட்ட இப்படிப்பட்ட உள்ளூர்ச் சட்டத்தை 2023-ல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது.

ஒரு மத்திய துப்பாக்கி விதி உண்மையிலேயே குடிமகனின் உரிமையை மீறுகிறது என்று நினைத்தால் அதற்கான வழி வேறு, அது திறந்தே இருக்கிறது. அரசமைப்பின் இரண்டாவது திருத்தம் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைத் தனிமனிதனுக்கே தருகிறது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022-ல் நியூயார்க் வழக்கில் அரசுகளின் கையை இன்னும் இறுக்கியது, அதற்குப் பிறகு ஏராளமான மத்திய விதிகளின் மேல் வழக்குகள் ஓடுகின்றன, சில ஜெயிக்கின்றன. 2024-ல் குடும்ப வன்முறைக்காகத் தடை உத்தரவுக்கு உள்ளானவரிடமிருந்து துப்பாக்கியை எடுக்கலாம் என்று 8-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது, அதுவும் இந்த வழியில் வந்ததுதான். நாடாளுமன்றத்தில் மாற்றுவது இன்னொரு வழி. கான்சஸ்காரர்கள் கட்டாமல் விட்ட அந்த 200 டாலர் சைலன்சர் வரியை 2025-ல் போட்ட சட்டம் 2026 ஜனவரி முதல் பூஜ்யமாக்கிவிட்டது. பதிவு செய்யும் கடமை மட்டும் இன்னும் இருக்கிறது.

கடைசியாக, அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களுக்கு நேரடியாகத் தேவைப்படுகிற சங்கதி. டெக்சாஸ் 2021-ல் தன்னைத் துப்பாக்கிச் சரணாலய மாநிலம் என்று அறிவித்துக்கொண்டது, டெக்சாஸில் தயாரான சைலன்சருக்கு மத்திய விதி பொருந்தாது என்றும் ஒரு சட்டம் போட்டது. கான்சஸ் கதை அதற்கும் பொருந்தும், அங்கே போய் அதை நம்பி எதையும் வாங்கிவிடாதீர்கள். அதைவிட முக்கியமாக, எச்-1பி, எஃப்-1 மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. துப்பாக்கி சுடும் பயிற்சி மையத்தில் வாடகைக்கு வாங்கி அரை மணி நேரம் கையில் வைத்திருந்தாலும் அது "வைத்திருப்பது"தான். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. ஆனால் கஞ்சா அனுமதித்த மாநிலத்தில் அதைப் பயன்படுத்துகிற யாராக இருந்தாலும், அமெரிக்கக் குடிமகனே ஆனாலும், கடையில் நிரப்பித் தரும் 4473 என்ற மத்தியப் படிவத்தில் அதைப் பற்றிக் கேள்வி இருக்கிறது, உங்கள் மாநிலம் அனுமதித்திருந்தாலும் மத்திய சட்டத்தில் அது குற்றமே என்று அதிலேயே எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். அந்தப் பிரிவை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன, அதை நம்பி இப்போதே பொய்யாக "இல்லை" என்று எழுதினால் அது தனிக் குற்றம். 2022-க்குப் பிறகு தகுதியில்லாதவர் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 15 வருஷம் வரை சிறை, விசாவில் இருப்பவர் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடுகடத்தவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஷெரீஃப் உங்களைப் பிடிக்காமல் போகலாம், அடுத்த தெருவில் இருக்கும் ஏ.டி.எஃப் அதிகாரியை எந்த மாநிலச் சட்டமும் தடுக்காது. நண்பர் கூப்பிடுகிறார் என்று பயிற்சி மையத்துக்குப் போவதற்கு முன் உங்கள் விசாவை எடுத்துப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் குடியேற்ற வக்கீல் ஒருவரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.